ருடோல்ஃப் டீசல்

ருடோல்ஃப் கிறிஸ்டியன் கார்ல் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஒரு ஜெர்மானியப் பொறியியலாளர் ஆவார். மின்பொறியோ சுடரோ இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் உள் எரி எந்திரத்தை உருவாக்கியவர் இவர். இவருடைய பெயர் முதலில் எந்திரத்துக்கும் பின்னர் அதில் பயன்படும் எரிபொருளுக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. பாரவுந்து, கப்பல், தொடர்வண்டி, உழவு எந்திரம், மின்னாக்கி ஆகியவற்றில் உலகெங்கும் டீசல் எந்திரம் பயன்படுகிறது.

டீசலின் கொள்கை தாளில் ஓராண்டுக்குள் உருவானது. அதை ஓடும் எந்திரமாக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளின் பெரும்பகுதி கசிவுகளை அடைப்பதிலும், எரிபொருளை உருளைக்குள் செலுத்தும் வழியைத் தேடுவதிலும் கழிந்தது. அவ்வேலையில் பங்குகொண்ட பிறருக்கு எவ்வளவு புகழ் உரியது என்ற வினா டீசலின் இறுதி நாட்கள் வரை அவரைத் தொடர்ந்தது.

இளமையும் கல்வியும்

டீசல் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோரான தியோடோர், எலிசே இருவரும் பவேரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த தந்தை நூல் கட்டும் தொழிலைக் கற்றவர். பாரிசில் தோல்பொருட்கள் செய்து விற்றார். மூன்று பிள்ளைகளில் ருடோல்ஃப் இரண்டாமவர். சிறுவனாக இருந்தபோது பாரிசிலுள்ள தொழிற்கலை அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி சென்று, அங்கு வைக்கப்பட்டிருந்த பழைய எந்திரங்களைப் பார்த்து வரைவது இவருக்கு வழக்கமாக இருந்தது. கூஞோ 18ஆம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டியும் அவற்றுள் ஒன்று.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியக் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. அங்கு வருவாய் போதாமையால் பன்னிரண்டு வயது ருடோல்ஃப் ஆக்ஸ்பர்க்கிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவரான கிறிஸ்டோஃப் பார்னிக்கல் ஒரு கணித ஆசிரியர். அவர் கற்பித்த தொழிற்பள்ளியிலேயே டீசல் சேர்ந்தார். பொறியியலாளர் ஆவதே தம் விருப்பம் என்று பதினான்கு வயதில் பெற்றோருக்கு எழுதினார். 1873இல் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்தார்.

ஆக்ஸ்பர்க் பள்ளியில் டீசல் ஓர் அழுத்தத் தீமூட்டியைப் பார்த்ததாகவும், பிற்கால எண்ணங்களுக்கு அதுவே வித்தாக இருந்ததாகவும் சொல்லப்படுகிறது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயினுள் தண்டு ஒன்றை விரைந்து அழுத்தினால், உள்ளே அடைபட்ட காற்று சூடாகித் தண்டின் நுனியிலுள்ள பஞ்சு பற்றிக்கொள்ளும். தென்கிழக்காசிய மக்கள் மரத்தாலும் கொம்பாலும் இதே கருவியைச் செய்து தீ மூட்டப் பயன்படுத்தி வந்தனர். தண்டைச் சுற்றி நூலைக் கட்டி, அதில் கொழுப்பைத் தடவி, காற்று வெளியேறாதபடி செய்வது அவர்கள் கண்ட வழி. கட்டு தளர்ந்தால் தீ வராது. டீசல் பின்னாளில் சந்தித்த சிக்கலின் சிறு வடிவம் இக்கருவியிலேயே இருந்தது.

1875இல் உதவித்தொகை பெற்று மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். குளிரூட்டும் எந்திரங்களை உருவாக்கிய கார்ல் ஃபொன் லிண்டே அங்கு இவருடைய பேராசிரியர். நீராவி எந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகிறது என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். எஞ்சிய வெப்பம் முழுவதும் வீணாகிறது. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824இல் விளக்கிய இலட்சியச் சுழற்சியோ இதைவிடப் பல மடங்கு திறனைத் தரக்கூடியது. அச்சுழற்சியை நடைமுறைக்குக் கொண்டுவர இயலுமா என்று ஆராயவேண்டும் என மாணவர் டீசல் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 1879இல் டைபாய்டு காய்ச்சல் கண்டதால் தம் வகுப்பினருடன் தேர்வு எழுத இயலவில்லை. இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலுள்ள சுல்சர் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். 1880 ஜனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார்.

பனிக்கட்டித் தொழிற்சாலையில்

பட்டம் பெற்றதும் டீசல் பாரிசுக்குத் திரும்பி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையை அமைக்கும் பணியில் சேர்ந்தார். 1881இல் அதன் இயக்குநரானார். தெளிந்த பனிக்கட்டி செய்யும் முறைக்குக் காப்புரிமம் பெற்றார். 1883இல் மார்த்தா ஃபிளாஷே என்பவரை மணந்தார். இவர்களுக்கு ருடோல்ஃப், ஹெடி, ஆய்கன் என மூன்று பிள்ளைகள். 1890இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

இந்த ஆண்டுகளில் நீருக்கு மாற்றாக அம்மோனியா ஆவியைக் கொண்டு இயங்கும் எந்திரம் ஒன்றைச் செய்ய டீசல் நெடுங்காலம் முயன்றார். அம்முயற்சி பயன் தரவில்லை. ஆயினும் உயரழுத்த வளிமங்களைக் கையாளும் பழக்கத்தை அது தந்தது. அம்மோனியா ஆவிக்குப் பதிலாக உயர்ந்த அழுத்தத்திலுள்ள சூடான காற்றையே பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் இதன் வழியே பிறந்தது.

கொள்கையும் காப்புரிமங்களும்

அக்காலத்தில் பயன்பாட்டிலிருந்த ஓட்டோ வகை எந்திரம் எரிவளிமத்தையும் காற்றையும் முன்னரே கலந்து உருளைக்குள் இழுத்து, அழுத்தி, தீப்பொறியால் பற்றவைத்தது. கலவை தானாகவே வெடித்துவிடும் என்பதால் அதை ஓர் அளவுக்கு மேல் அழுத்த முடியாது. டீசல் வேறொரு வழியைக் கண்டார். முதலில் காற்றை மட்டும் அழுத்தவேண்டும். காற்று தனியாக எரியாது. எனவே எவ்வளவும் அழுத்தலாம். அழுத்தத்தால் அது எரிபொருளைப் பற்றவைக்கும் அளவுக்கு மேல் சூடேறும். அதன் பின்னரே எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தவேண்டும்.

இதற்கான காப்புரிம விண்ணப்பத்தை 1892 பிப்ரவரியில் பெர்லினில் அளித்தார். அது 1893 பிப்ரவரியில் 67207 என்ற எண்ணுடன் வழங்கப்பட்டது. அதே ஆண்டு தம் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். காற்றை 250 வளிமண்டல அழுத்தத்துக்கு அழுத்துவது, எரிதலின்போது வெப்பநிலை உயராமல் பார்த்துக்கொள்வது, உருளைக்கு நீர்க்குளிர்ப்பு இல்லாமலே இயங்குவது ஆகியவை அந்நூல் காட்டிய இலக்குகள். இவற்றுள் ஒன்றும் நிறைவேறவில்லை. அவ்வளவு அழுத்தத்தில் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதியை உராய்வே விழுங்கிவிடும். டீசல் இதை விரைவில் உணர்ந்து, அழுத்த இலக்கைப் பெரிதும் குறைத்தார்; எரிதல் மாறா அழுத்தத்தில் நிகழும் முறைக்கு 1893 நவம்பரில் இரண்டாவது காப்புரிம விண்ணப்பம் அளித்தார். ஆனால் முதல் கொள்கையை மாற்றிக்கொண்டதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பின்னாளைய பூசல்களுக்கு இம்மௌனமும் ஒரு காரணமாயிற்று.

நூலின் படிகளைத் தொழிலதிபர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் டீசல் அனுப்பினார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிச் ஃபொன் பூட்ஸ் முதலில் தயங்கினாலும், பின்னர் ஒரு சோதனை எந்திரம் கட்ட ஒப்புக்கொண்டார். எசன் நகரின் க்ருப் நிறுவனமும் செலவில் பங்கேற்றதுடன், டீசலுக்கு ஆண்டுக்கு 30,000 மார்க்கு ஊதியம் தரவும் இசைந்தது.

ஆக்ஸ்பர்க் சோதனைகள் (1893–1897)

முதல் எந்திரம் 1893 ஜூலையில் தயாரானது. அதன் உருளையின் விட்டம் 150 மில்லிமீட்டர், உந்துதண்டின் வீச்சு 400 மில்லிமீட்டர். நீர்க்குளிர்ப்பு உறை அதற்கு இல்லை. எரிபொருள் இல்லாமல், தொழிற்சாலையின் இழுபட்டையால் எந்திரத்தைச் சுழற்றி, காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று முதலில் அளந்தனர். எதிர்பார்த்ததில் பாதியளவே வந்தது; 18 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறவில்லை. காற்று எங்கோ கசிந்துகொண்டிருந்தது.

உந்துதண்டு (பிஸ்டன்) உருளையினுள் மேலும் கீழும் வழுக்கிச் செல்லவேண்டும். அதே வேளையில் காற்று அதைக் கடந்து கீழே போகவும் கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இறுக்கினால் உராய்வும் சூடும் மிகும். தளர்த்தினால் அழுத்தம் போய்விடும். உந்துதண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் பொருந்தும் வளையங்களே இதற்குத் தீர்வு. நீராவி எந்திரங்களில் அவை முன்னரே பயன்பட்டன. ஆனால் நீராவி எந்திரம் காணாத அழுத்தமும் வெப்பமும் இங்கு இருந்தன. கசிவு வளையங்களோடு நிற்கவுமில்லை. தடுக்கிதழ்களின் இருக்கைகளிலும் குழாய் இணைப்புகளிலும் காற்று கசிந்தது. ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, தேய்த்துப் பொருத்தி, வளையங்களை மாற்றி, அழுத்தத்தை 30 வளிமண்டலங்களுக்கு மேல் உயர்த்தினர்.

1893 ஆகஸ்ட் 10 அன்று முதன்முறையாக எரிபொருள் செலுத்தப்பட்டது. பெட்ரோல் உடனே பற்றிக்கொண்டது. உருளையின் அழுத்தம் 80 வளிமண்டலங்கள் வரை பாய்ந்தது. அதை அளக்கப் பொருத்தியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசலும் பிறரும் காயமின்றித் தப்பினர். எந்திரம் தன் ஆற்றலால் ஒரு சுற்றும் சுழலவில்லை. ஆயினும் அழுத்தத்தாலேயே எரிபொருள் பற்றும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதால், டீசல் அதை வெற்றியாகவே கொண்டார்.

மாற்றியமைக்கப்பட்ட எந்திரம் 1894 பிப்ரவரி 17 அன்று, நிமிடத்துக்கு 88 சுற்றுகள் என்ற வேகத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் தானாக ஓடியது. அதுவரை எந்திரத்தைச் சுழற்றிவந்த இழுபட்டை தளர்ந்ததைக் கவனித்த தொழிலாளி ஒருவரே, எந்திரம் இப்போது பட்டையை இழுக்கிறது என்று முதலில் உணர்ந்ததாகவும், சொல்லின்றித் தம் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கம் தெரிவித்ததாகவும் டீசலின் மகன் எழுதிய வரலாற்றால் அறிகிறோம்.

அடுத்த சிக்கல் எரிபொருளைச் செலுத்துவது. அழுத்தத்தில் இருக்கும் உருளைக்குள் எண்ணெயைச் செலுத்த, அதைவிட உயர்ந்த அழுத்தம் வேண்டும். எண்ணெயை மட்டும் தள்ளக்கூடிய நுண்ணிய எக்கியை அக்காலப் பட்டறைகளால் செய்ய இயலவில்லை. எனவே டீசல் தனி அழுத்தி ஒன்றில் காற்றை உயரழுத்தத்தில் சேமித்து, அக்காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். எண்ணெய் நன்கு தூளாகி எரிந்தது. ஆனால் எந்திரத்துடன் இன்னோர் எந்திரமும், உயரழுத்தக் குழாய்களும், அவற்றுக்கான அடைப்புகளும் சேர்ந்துகொண்டன. ஒரு கசிவை அடைக்கப் போய்ப் பல புதிய கசிவிடங்களை உண்டாக்கிக்கொண்டது போன்ற நிலை. டீசலின் வாழ்நாளில் இவ்வெந்திரம் மகிழுந்துக்குள் அடங்காமல் போனதற்கும் இந்தக் கனமான அழுத்தியே முதன்மைக் காரணம்.

1895இல் 220 மில்லிமீட்டர் விட்டமும் நீர்க்குளிர்ப்பும் உடைய இரண்டாவது எந்திரம் கட்டப்பட்டது. 1896இல் இளம் பொறியியலாளர் இம்மானுவேல் லவுஸ்டர் சேர்ந்து, 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்றாவது எந்திரத்துக்கு வரைபடங்கள் வரைந்தார். மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் 1897 பிப்ரவரி 17 அன்று அதை முறையாகச் சோதித்தார். நிமிடத்துக்கு 154 சுற்றில் 17.8 குதிரைத்திறன் கிடைத்தது. எரிபொருள் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. அன்று உலகில் இருந்த வேறெந்த வெப்ப எந்திரமும் இத்திறனை எட்டியதில்லை. அதே ஆண்டு ஜூனில் காசல் நகரில் நடந்த ஜெர்மானியப் பொறியியலாளர் சங்கக் கூட்டத்தில் டீசலும் ஷ்ரோட்டரும் முடிவுகளை அறிவித்தனர்.

கசிவின் தொடர்ச்சி

ஆக்ஸ்பர்க்கில் காணப்பட்ட கசிவுச் சிக்கல் இன்றைய டீசல் மகிழுந்து வரை வேறு உருவில் தொடர்வதால், அதை இங்கே சுருக்கமாகக் குறிப்பிடுவது பொருந்தும். எவ்வளவு நல்ல வளையங்களும் அழுத்தத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. உந்துதண்டைக் கடந்து சிறிதளவு வளிமம் எப்போதும் கீழேயுள்ள சுழல்தண்டு அறைக்குள் இறங்கும். அந்த அறையில்தான் மசகு எண்ணெய் இருக்கிறது. இறங்கிய வளிமத்தை வெளியேற்ற மூச்சுக்குழாய் ஒன்று அமைக்கப்படுகிறது. எந்திரப் பட்டறைகளில் இது பிரீதர் எனப்படும். கரியும் எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து இக்குழாய் அடைபட்டாலோ, வளையங்கள் தேய்ந்து வளிமம் மிகுதியாக இறங்கினாலோ அறையின் அழுத்தம் உயரும். அப்போது எண்ணெய் எளிதான வழியைத் தேடும்: சுழல்தண்டின் இரு முனைகளிலுள்ள ஆயில் சீல், மேல் மூடியின் கேஸ்கட், எண்ணெய் அளவுகோலின் துளை முதலியன.

இதனாலேயே வீட்டில் எண்ணெய்க் கசிவைச் சரிசெய்ய முனைபவர், சீலை மாற்றுமுன் மூச்சுக்குழாயைப் பார்க்கவேண்டும். அடைப்பு நீங்காமல் புதிய சீல் போட்டால் அதுவும் சில நாட்களில் கசியத் தொடங்கும். கசியும் இடத்தைக் கண்டறிவதிலும் ஏமாற வாய்ப்புண்டு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓட்டத்தின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே அடியில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எந்திரத்தைக் கழுவித் துடைத்து, சிறிது நேரம் ஓட்டி, மேலிருந்து பார்த்து வருவதே வழக்கம். கேஸ்கட் திருகுகளை அளவுக்கு மேல் முறுக்கினால் மூடி வளைந்து கசிவு பெருகும். தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவைத் தாண்டக்கூடாது. கீழிருந்து வேலை செய்யும்போது, தூக்கிய வண்டியை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாமல், தாங்கிகளின் மீது இறக்கி வைக்கவேண்டும்.

செல்வமும் சரிவும்

காசல் கூட்டத்துக்குப் பின் உரிமம் வாங்கப் பல நாட்டவர் முன்வந்தனர். அமெரிக்க மதுபான ஆலை உரிமையாளர் அடால்ஃபஸ் புஷ் அமெரிக்காவுக்கான உரிமையைப் பத்து இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். எண்ணெய்க் கிணறுகளைக் கொண்டிருந்த நோபல் குடும்பத்தின் இமானுவேல் நோபல் ரஷ்யாவுக்கான உரிமையைப் பெற்றார். 1898 செப்டம்பரில் டீசலின் காப்புரிமங்கள் அனைத்தையும் 35 இலட்சம் மார்க்குக்கு ஏற்று, ஒரு பொது நிறுவனம் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டது. நாற்பது வயதில் டீசல் செல்வந்தரானார். மியூனிக் நகரில் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டினார்.

ஆனால் விற்பனைக்குப் போன எந்திரங்கள் சோதனைக்கூட எந்திரத்தைப் போல ஓடவில்லை. முதல் வணிக எந்திரம் 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் நிறுவப்பட்டது. இரண்டு உருளைகளும் 60 குதிரைத்திறனும் கொண்டது. அது அடிக்கடி பழுதுபட்டு நின்றது. எரிபொருள் தூளாக்கி, தடுக்கிதழ்கள், காற்றழுத்தி ஆகியவை கோரிய நுணுக்கம் அன்றைய சாதாரணப் பட்டறைகளில் இல்லை. டீசல் எந்திரங்களுக்கென்றே ஆக்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்ட தனித் தொழிற்சாலை, விற்ற எந்திரங்கள் திரும்பி வந்ததால் நிலைக்கவில்லை. எந்திரத்தை நம்பத்தக்கதாக்கிய வேலை, லவுஸ்டரும் அவருடைய குழுவினரும் பழைய ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் பொறுமையாகச் செய்தது. அந்நிறுவனமே பின்னர் எம்.ஏ.என் என்ற பெயர் பெற்றது.

வழக்குகளும் சேர்ந்துகொண்டன. எமில் காபிட்டேன் என்ற பொறியியலாளர் டீசலின் காப்புரிமத்தை எதிர்த்தார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் 1890இலேயே எண்ணெயைத் தனியே செலுத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமம் பெற்றிருந்ததால், முதன்மை யாருக்கு என்ற விவாதம் எழுந்தது. ஸ்டுவர்ட்டின் எந்திரம் குறைந்த அழுத்தத்தில் இயங்கியது. பற்றவைக்க அதற்கு வெளியிலிருந்து சூடேற்றப்பட்ட குமிழ் தேவைப்பட்டது. ஆகையால் அழுத்தத்தால் மட்டும் பற்றவைக்கும் எந்திரம் டீசலுடையது என்று கொள்வதே முறை. ஓயாத உழைப்பாலும் பூசல்களாலும் டீசலின் உடல்நலம் கெட்டது. 1898இல் நரம்புத் தளர்ச்சிக்காக மியூனிக்கில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. எண்ணெய் வயல்களிலும் நிலங்களிலும் அவர் செய்த முதலீடுகள் பெரும் இழப்பைத் தந்தன. கருத்தில் கூர்மையான இவர் பணத்தைக் கையாள்வதில் திறமையற்றவராக இருந்தார்.

கடலை எண்ணெயும் சமூக எண்ணங்களும்

1900ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் டீசல் எந்திரத்துக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கு ஓட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்த சிறிய டீசல் எந்திரம் நிலக்கடலை எண்ணெயில் இயக்கப்பட்டது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்ததால், பிரெஞ்சு அரசு இச்சோதனையில் நாட்டம் கொண்டிருந்தது. தாவர எண்ணெய்கள் ஒருகாலத்தில் பெட்ரோலியத்துக்கு நிகரான எரிபொருளாகக்கூடும் என்ற கருத்தை டீசல் 1912இல் வெளியிட்டார். இதனால் தாவர எண்ணெய்க்காகவே டீசல் எந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி பரவலாக உலவுகிறது. அது சரியன்று. முதல் சோதனைகள் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் நடந்தன. காப்புரிமத்தில் நிலக்கரித் தூளும் இடம்பெற்றது.

தொழிலாளரே சேமித்து, தொழிற்சாலைகளின் உரிமையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சமூக அமைப்பை விளக்கி 1903இல் ஒரு நூல் எழுதினார். பத்தாயிரம் படிகள் அச்சிடப்பட்டு, ஏறத்தாழ முந்நூறு மட்டுமே விற்றன. எந்திரத்தைவிட இந்நூலையே டீசல் பெரிதாக மதித்தார் என்பர்.

கப்பல்கள்

டீசல் தளர்ந்த அதே ஆண்டுகளில் அவருடைய எந்திரம் வளர்ந்தது. 1903இல் நோபல் நிறுவனத்தின் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பல் வோல்கா ஆற்றில் டீசல் எந்திரங்களுடன் ஓடியது. 1912இல் கோபன்ஹேகனில் கட்டப்பட்ட செலாண்டியா பெருங்கடல் செல்லும் டீசல் கப்பலாகப் புகழ்பெற்றது. நீர்மூழ்கிக் கப்பல்களிலும் டீசல் எந்திரங்கள் இடம்பெற்றன. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி 1907இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. முதன்மையான காப்புரிமங்கள் 1908 அளவில் காலாவதியாயின. அதன்பின் யாரும் இவருக்குப் பணம் செலுத்தாமல் எந்திரம் கட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது.

1912 நவம்பரில் பெர்லினில் கப்பற்கட்டுமானப் பொறியியலாளர் கூட்டத்தில், எந்திரம் உருவான வரலாற்றை டீசல் விளக்கினார். பேராசிரியர் ரீட்லர் உள்ளிட்ட சிலர் அங்கேயே எதிர்த்துப் பேசினர். டீசலின் முதற்கொள்கைக்கும் ஓடுகின்ற எந்திரத்துக்கும் தொடர்பில்லை, அதை உண்மையில் உருவாக்கியவர்கள் ஆக்ஸ்பர்க் பொறியியலாளர்கள் என்பது அவர்கள் வாதம். 1913இல் டீசல் தம் விளக்கத்தை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பேராசிரியர் லூடர்ஸ் டீசலின் புகழ் ஒரு கட்டுக்கதை என்னும் பொருளில் நூல் எழுதினார். எதிர்ப்பாளர் கூற்றில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1893 நூலில் சொன்னபடி எந்திரம் அமையவில்லை. பிறர் உழைப்பும் அதில் பெரிது. ஆனால் காற்றை மட்டும் உயர்வாக அழுத்திப் பின்னர் எரிபொருளைச் செலுத்தும் அடிப்படை டீசலுடையதே. கசிந்து நின்ற எந்திரத்தைக் கைவிடாமல் நான்கு ஆண்டுகள் அருகிலிருந்து வழிநடத்தியவரும் அவரே.

மறைவு

1913 செப்டம்பர் 29 மாலை டீசல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் டீசல் எந்திர நிறுவனம் ஒன்றின் கூட்டத்துக்குச் செல்வது நோக்கம். தொழிலதிபர் ஜார்ஜ் கரேல்சும் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் லுக்மானும் உடன் சென்றனர். மூவரும் இரவு உணவு உண்டனர். காலை 6.15 மணிக்கு எழுப்பும்படி பணியாளரிடம் சொல்லிவிட்டு, பத்து மணியளவில் டீசல் தம் அறைக்குச் சென்றார்.

காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கையில் யாரும் உறங்கியிருக்கவில்லை. இரவு உடை எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கைக்கடிகாரம் படுக்கையிலிருந்து பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. தொப்பியும் மேலங்கியும் பின்தளத்தின் கைப்பிடிச் சுவர் அருகே மடித்து வைக்கப்பட்டுக் கிடைத்தன. பத்து நாட்களுக்குப் பின் நெதர்லாந்துப் படகு ஒன்று வட கடலில் ஓர் ஆணின் உடலைக் கண்டது. உடல் மிகவும் சிதைந்திருந்ததால் படகோட்டிகள் உடைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். மாத்திரைப் பெட்டி, பணப்பை, பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு ஆகியவற்றைத் தந்தையுடையவை என்று அக்டோபர் 13 அன்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார்.

பயணத்துக்குமுன் டீசல் ஒரு பையை மனைவியிடம் கொடுத்து, அடுத்த வாரம் வரை திறக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க்குப் பணமும், வங்கிக் கணக்குகள் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டதைக் காட்டும் ஆவணங்களும் இருந்தன. நாட்குறிப்பில் செப்டம்பர் 29ஆம் நாளுக்கு எதிரே சிலுவைக் குறி இட்டிருந்ததாகவும் கூறப்படுகிறது. எனவே வரலாற்றாளர் பலர் இதைத் தற்கொலையாகவே கருதுகின்றனர். எந்திர இரகசியங்கள் பிரித்தானியருக்குச் செல்லாமல் தடுக்க அவர் கொல்லப்பட்டார், எண்ணெய் வணிகர்கள் கொன்றனர் என்பன போன்ற ஊகங்களும் அன்றே எழுந்தன. அவற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை.

மறைவுக்குப் பின்

எண்ணெயைக் காற்றின் துணையின்றிச் செலுத்தும் முறைகள் டீசலின் இறுதி ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டன. பென்ஸ் நிறுவனத்தின் புரோஸ்பர் லோராஞ்சு 1909இல் முன்னறை முறைக்குக் காப்புரிமம் பெற்றார். 1924இல் டீசல் பாரவுந்துகள் வெளிவந்தன. 1927இன் இறுதியில் பாஷ் நிறுவனம் நுண்ணிய எரிபொருள் எக்கிகளைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கியது. டீசலின் காலத்தில் எந்தப் பட்டறையாலும் செய்ய இயலாதிருந்த எக்கி இதுவே. இதனால் கனமான காற்றழுத்தி தேவையற்றுப் போனது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற மகிழுந்து 2.6 லிட்டர் கொள்ளளவும் 45 குதிரைத்திறனும் கொண்ட டீசல் எந்திரத்துடன் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமானது. இன்றைய பெரிய கப்பல் டீசல் எந்திரங்களின் வெப்பத்திறன் 50 விழுக்காட்டைத் தாண்டியுள்ளது.

மகன் ஆய்கன் டீசல் எழுத்தாளரானார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1937இல் வெளியிட்டார். ஜப்பானின் யான்மார் நிறுவனத்தைத் தொடங்கிய மகோகிச்சி யமாவோகா 1957இல் ஆக்ஸ்பர்க் நகரப் பூங்காவில் டீசல் நினைவாகக் கற்தோட்டம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1897இல் ஷ்ரோட்டர் சோதித்த எந்திரம் மியூனிக்கிலுள்ள ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.